ஹெல்மெட்டுக்குள் சந்தனம்

என் மகளின் ஹெல்மெட்டுக்குள், நெற்றி படும் பஞ்சுப் பட்டையில், மஞ்சளாக ஒரு கறை இருக்கிறது. அவள் எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சித்தூரில் அவளுடைய கிரிக்கெட் பயிற்சியாளர் ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, சந்தன வாசனை அடிக்கிறதே என்றாராம். சந்தனமேதான். என் தலையிலிருந்து ஒட்டியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நாத்தனார் நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

என் கணவரின் தங்கை அவள். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவள். கிரிக்கெட் என்றால் தறியையே நிறுத்திவிடுவாள். என் மகளுக்குப் புருவத்தில் பந்து பட்டுத் தையல் போட்ட செய்தி கேட்டதும் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவள் கையில் பழம் இல்லை, புது ஹெல்மெட் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! சட்டையெல்லாம் ரத்தமாக என் பெண்ணை ஆட்டோவிலிருந்து இறக்கிய காட்சி இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை. இனி மட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சித்தூரில் மாவட்ட அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவுக்கு வந்து மூன்று ஒருநாள் ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தில் நம்மவர்கள் வென்றதும், நாத்தனார் டிவி முன்னாலேயே பந்தயம் கட்டினாள்.

"இன்னா அண்ணி, நம்ம பொண்ணுங்க சீரிஸை ஜெயிச்சா புள்ளைய ஆட வுடு. தோத்துட்டா நானே பேட்டை எடுத்துகினு போய் தறிக் கொட்டாய்ல பூட்டிடறேன்."

கணவர் சிரித்தார். நானும் சரி என்றேன். ஆனால் மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் கோயிலுக்குப் போய், இலங்கை ஜெயித்தால் மலையேறி முடி கொடுக்கிறேன் என்று தாயாரிடம் வேண்டிக்கொண்டேன். இந்த ஊரில் அப்படி வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டாவது ஆட்டத்தில் இலங்கை வென்றது. சந்தோஷம் தாங்காமல் சேமியா பாயசம் வைத்துவிட்டேன். நாத்தனார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நம்ம தோத்ததுக்குப் பாயசமா? அண்ணி, சிலோனுக்கா வேண்டிகினு வந்த?"

அடிபட்ட பிறகு என் மகள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் இலங்கைக்காக ஒரு சின்னப் பெண் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். எகிறி வந்த பந்து அவள் ஹெல்மெட்டில் அடித்தது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். நம் பெண்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். நான் எழுந்து நின்று, "வேணாம்மா, உள்ள போய் உக்காரும்மா" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

"அம்மா, அவ உள்ள போனா உன் சிலோன் தோத்துடும்" என்றாள் மகள்.

எனக்கு அந்த நிமிஷம் பந்தயமே மறந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் அவளைப் பெற்றவளும் இப்படித்தான் ஒரு டிவி முன்னால் நின்றுகொண்டிருப்பாள் என்று தோன்றியது. அந்தப் பெண் எழுந்தாள். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த பந்தையே நாலுக்கு விரட்டினாள். நான் கை தட்டினேன். என்னைவிடச் சத்தமாக மகள் தட்டினாள். புருவத்துத் தையலோடு இருந்த அந்த முகத்தில் நான் தேடிய பயம் இல்லை. ஏக்கம்தான் இருந்தது.

கடைசியில் நம்மவர்களே வென்றார்கள். வேண்டுதல் பலிக்கவில்லை, முடி கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் ஒரு ஹெல்மெட்டை மட்டும் நம்பிப் பெண்ணை அனுப்ப மனம் வரவில்லை. தேர்வுக்கு முன்னால் நான், மகள், நாத்தனார் மூவரும் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறினோம்.

"பொம்பளைங்க மூணு கத்திரி முடி குடுத்தா போதும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"அவ தலை முழுசா இருக்கணும்னா நான் முழுசாதான் குடுக்கணும்" என்று மொட்டையே போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், சந்தனம்கூடக் காயாத என் தலையில் மகள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். நாத்தனார் மொட்டைமாடியின் அந்தக் கோடியில் டென்னிஸ் பந்தோடு நின்றாள்.

"கண்ண தொறந்துகினு நில்லு அண்ணி. இன்னா ஆவுதுன்னு நீயே பாரு."

பந்து முகக் கம்பியில் டங்கென்று மோதிக் கீழே விழுந்தது. வலிக்கவில்லை. "இன்னொண்ணு போடு" என்றேன்.

இப்போது முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. மகள் மாவட்ட அணியில் ஆடுகிறாள். மைதான ஓரத்தில் உட்கார்ந்து, இன்றும் விரலிடுக்கு வழியாகத்தான் பார்க்கிறேன், ஆனால் பார்க்கிறேன். நேற்று அவள் மறுபடியும் சோப்பும் பிரஷுமாக அந்தக் கறையைத் தேய்க்க உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைப் பிடுங்கி அப்படியே வெயிலில் காயவைத்துவிட்டேன்.