கார்விக்வா

நினைவுக் கல்லில் ஐந்து வரிகள் வெட்டுவதாகத் திட்டம். நான்கு தயாராக இருந்தன: பெயர், பிறந்த ஊர், கப்பல் வந்து சேர்ந்த துறைமுகம், இறந்த ஊர். ஐந்தாவது வரி பெற்றோரைப் பற்றியது. அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த அம்மாள் டாஸ்மேனியாவிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தார்.

அறுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய முன்னோர் ஒருவர் ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னால், வெள்ளைக்காரர்கள் அந்தத் தீவில் குடியேறத் தொடங்கியிருந்த காலத்தில், சென்னையிலிருந்து போன கப்பலில் தச்சராக இருந்தவர். இறங்கியவர் திரும்பவில்லை. நிலம் கேட்டு அவர் கொடுத்த மனுவின் நகல் அம்மாளின் பையில் இருந்தது. பிறந்த ஊர்: கான்ஜீவரம். தகப்பன்: பிரிட்டிஷ் படைவீரன். தாய்: அந்த இடத்தில் எழுத்தே இல்லை. மனுவில் கேட்ட நிலத்தில் ஏற்கெனவே வேறு மக்கள் வாழ்ந்திருந்தார்கள் என்பதையும் அம்மாளே சொன்னார். அதற்குக் கல்லில் வரி ஒதுக்கப்படவில்லை.

காலியாக இருந்த இடத்தைக் குடும்பம் சும்மா விடவில்லை. தாய் ஒரு பாதிரியாரின் மகள் என்றது ஒரு கிளை. போர்த்துகீசியச் சீமாட்டி என்றது இன்னொன்று. கருத்த தலைமுடிக்கு அது வசதியான விளக்கம். கல் வைக்கும் பொறுப்பு அம்மாளின் அண்ணனிடம் இருந்தது. அவர் சீமாட்டிக் கட்சி. "பத்து நாளில் ஏதாவது ஆதாரம் கொண்டு வா. இல்லையென்றால் சீமாட்டியைத்தான் வெட்டச் சொல்வேன்" என்று தங்கையை அனுப்பிவைத்திருந்தார்.

"காகிதத்தில் பொய் இருந்தால் யாராவது அடித்து எழுதுவார்கள். கல்லில் இருந்தால் அதற்கப்புறம் யாரும் தேடவே மாட்டார்கள்" என்றார் அம்மாள். இருபத்தெட்டு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியும் செய்தி செப்பனிட்டும் ஓய்வு பெற்றவள் நான். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. தங்க இடம் தேடி வந்தவருக்கு எங்கள் மாடி அறையைக் கொடுத்தேன்.

என் தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "நம்ம தாத்தாவோட அப்பா பேரே நமக்குத் தெரியாது. இவங்க கொள்ளுத்தாத்தாவோட கொள்ளுத்தாத்தாவுக்கு அம்மாவைத் தேடப் போறியாக்கா?"

உண்மைதான். எங்கள் முன்னோர் அடுத்தவர் நிலத்தில் உழுதவர்கள். பட்டாவிலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை. பின்னால் சிலர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது ஒரு சபைப் பதிவேட்டில் ஏறினார்கள், அதுவும் கைநாட்டாக. காகிதம் இல்லாத ஆட்களைத் தேடுவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று நாட்கள் காகிதத்தோடு போயின. பழைய கல்லறைகள், பதிவேடுகள், பூச்சி தின்றது போக மிஞ்சிய பக்கங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஊருக்குள் சேதி பரவிவிட்டது. அம்மாளிடம் அந்த முன்னோரின் முதுமைக்காலப் புகைப்படம் ஒன்று இருந்தது. அதை யாரிடம் காட்டினாலும், படத்தில் இருப்பவர் அவர்களுடைய ஆளாகிவிட்டார்.

சின்ன காஞ்சிபுரத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நெத்தியப் பாருங்கோ. எங்காத்து நெத்தி. பட்டாளம் அந்தக் காலத்துல எங்க தெருவுக்குப் பின்னாடிதான் கூடாரம் போட்டுதாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார்.

அத்தர் கடைக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய முன்னோர் நவாப் காலத்தில் இந்த ஊருக்கு வந்தவர்கள். "மூக்குல சந்தேகமே இல்லமா. எங்க பெரியப்பா மூக்கு. கிழவரு எங்க ஜனம்தான்" என்று அம்மாளின் மணிக்கட்டில் அத்தர் தடவிவிட்டு, காசு வாங்க மறுத்தார். "சொந்தக்காரங்ககிட்ட வாங்குவாங்களா?"

தம்பியும் பின்தங்கவில்லை. "நம்ம சித்தப்பா மாதிரியே இருக்கார்க்கா."

படத்தில் தெளிவாகத் தெரிந்தது தாடி மட்டுமே. இதை நான் ஒவ்வொரு இடத்திலும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் மாடியில் துணி காய்ந்திருந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை நான் ஒற்றை ஆளாக மடிக்கத் திணறுவதைப் பார்த்து அம்மாள் வந்தார். எதிர்ப்பக்க முனைகளைப் பிடித்துக்கொண்டு, "கார்விக்வா!" என்றார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. அது அவர்கள் வீட்டுச் சொல்லாம். பெரிய விரிப்பை மடிக்கும்போது, நீளமான பலகையைத் தூக்கும்போது, இன்னொரு ஆள் மறுமுனைக்கு வர வேண்டுமென்றால் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய அம்மா கூப்பிட்டார், அம்மாவின் அப்பா கூப்பிட்டார். ஏதோ ஸ்காட்லாந்துச் சொல் என்று நினைத்து, அந்த மொழி தெரிந்த ஒருவருக்குக் கடிதம் எழுதினாராம். எங்கள் மொழியில் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்ததாம்.

அந்தச் சொல்லையும் குறிப்பேட்டில் எழுதினேன். ஆங்கில எழுத்தில் எழுதினேன். அதுதான் நான் செய்த பிழை.

எட்டாம் நாள் தம்பி கலகம் செய்தான். "போதும்க்கா உன் பேப்பரு. இந்த ஊருக்கு வந்துட்டுத் தறிய பார்க்காம போவாங்களா? ஏறுங்க மேடம்" என்று எங்களை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு விட்டான். அங்கே அவன் சிநேகிதர் வீடு. முன்னறை முழுவதும் தறி. அதில் பாதி நெய்த பட்டுச்சேலை: அரக்கு உடல், பச்சைக் கரை. கணவர் தறியில் உட்கார்ந்திருந்தார், மனைவி வலது ஓரத்தில்.

எங்கள் வீட்டில் தறி கிடையாது என்றாலும், இந்த ஊர்க்காரி என்பதால் அம்மாளுக்கு விளக்கினேன். உடலுக்கு ஒரு நிற இழை, கரைக்கு வேறு நிற இழை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவரின் கை அந்த ஓரத்துக்கு எட்டாது. அதனால் மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்து கரை இழை ஓடும் நாடாக் கட்டையை வாங்கித் தள்ளுவார். ஒவ்வொரு இழைக்கும் இது நடக்கும்.

அந்த இணைப்புக்கு என்ன பெயர் என்று சொல்வதற்கு முன்னால் உள்ளே குக்கர் கூவியது. மனைவி எழுந்து போனார். கணவர் இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு கழுத்தைத் திருப்பாமல், தினம் நூறு தரம் சொல்கிறவரின் வேகத்தில் கத்தினார்:

"கோர்விக்வா!"

கோர்வைக்கு வா. அந்த இணைப்பின் பெயர் கோர்வை. இந்தத் தெருவில் நடந்துபோகும் எவரும் கேட்டிருக்கும் சத்தம். ஐம்பத்தொன்பது வருடமாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் சத்தம்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "இருய்யா, பருப்பு பொங்கிக்கினு இருக்குது. உன் கோர்வ ஓடியா போயிடும்?"

எனக்குப் பின்னால் வாசற்படியில் நின்றிருந்த அம்மாள், அதற்குள் முன்னறையின் நடுவுக்கு வந்திருந்தார். இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு உயர்ந்திருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருந்தன. அங்கே விரிப்பு எதுவும் இல்லை. வந்தது தான்தான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

மனைவி கையைத் துடைத்தபடி வந்து பார்த்தார். "யாருக்கா இவங்க? கூப்பிட்டது என்னை, வந்தது இவங்களா?"

"கூப்பிட்ட உடனே வந்தாங்க பாரு, கத்துக்கோ" என்றார் கணவர்.

"அப்ப அவங்களையே வெச்சு நெய்யி. நான் போய்ப் படுக்கறேன்."

நான் குறிப்பேட்டைப் புரட்டி நான்காம் நாள் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே தமிழில் எழுதினேன். பிறகு அம்மாளுக்கு அர்த்தம் சொன்னேன். அவர் தறிமேடை ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாமலே தம்பியும் சிரித்தான். தெரிந்தபோது இன்னும் பலமாகச் சிரித்தான்.

ஒரே ஆள் சொல்லும் தகவலை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது நான் பழகிய பழக்கம். இரண்டாவது ஆள் வேண்டும் என்றேன். அம்மாள் கைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார். "நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இதைக் கேள்" என்று சொல்லிவிட்டு நெசவாளர் முன்னால் நீட்டினார்.

அவர் கூச்சப்பட்டார். "பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது எப்படிங்க கத்துறது?"

"இத்தினி வருசமா எப்படிக் கத்துன? கத்துய்யா" என்றார் மனைவி.

கத்தினார். கைபேசியில் சீமாட்டிக் கட்சி அண்ணனின் குரல் வந்தது. "யார் அது? எங்கே துணி மடிக்கிறீர்கள்?"

அம்மாள் என்னைப் பார்த்தார். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார்.

அன்று மாலை மாடியில் உட்கார்ந்து ஐந்தாவது வரியை எழுத முயன்றோம். "நெசவாளப் பெண்ணின் மகன்" என்று எழுதினார். நான் அடித்தேன். தாய் நெசவாளர் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தத் தெருவில் தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஓரத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். தாய் எங்கள் ஆட்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம், அத்தர்க்காரரின் ஆட்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம். தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில் அந்தத் தச்சர் வளர்ந்தார் என்பது வரைதான் போகலாம்.

"கேட்டது மட்டுமா?" என்றார் அம்மாள். "காதில் விழுந்த சத்தத்தை யாரும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அவரை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போயிருக்கிறார்."

அதை நான் அடிக்கவில்லை. ஐந்தாவது வரியில் தாயின் பெயருக்குப் பதிலாக அந்தக் கூப்பாட்டையே வெட்டுவது என்று முடிவானது, தமிழ் எழுத்திலேயே. ஒரு தாள் முழுக்கப் பெரிதாக வரைந்து கொடுத்தேன். மூன்று தரம் சரிபார்த்தேன். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. அவரே சாட்சியாகிவிட்ட பிறகு என்ன சொல்ல முடியும்?

ஏழு வாரம் கழித்துப் படம் வந்தது. சாம்பல் நிறக் கல், பின்னால் ஆப்பிள் மரங்கள், ஐந்து வரிகள். ஐந்தாவது வரி: கோர்வைககு வா.

நடுவில் இருந்த ஒரு புள்ளியைக் காணவில்லை. உடனே அம்மாளைக் கூப்பிட்டேன். கல்தச்சர் அதைத் தாளில் இருந்த தூசி என்று நினைத்துவிட்டாராம். கல்லில் எழுத்தைக் கூட்ட முடியாது, ஆனால் புள்ளி வைக்கலாம். எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேட்டார்கள். 'கு'வுக்கு முன்னால் இருக்கும் 'க' மேல், 'ர்' மேல் இருப்பதைப் போலவே என்று சொன்னேன். மறுநாள் இரண்டாவது படம் வந்தது. புள்ளி இருந்தது, அளவில் சற்றுப் பெரிது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தைக் காட்டத் தம்பியோடு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். மனைவி கைபேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அடப் பாவமே. எங்க வூட்டு சண்டைய கொண்டுபோய்க் கல்லுல வெட்டிட்டாங்களே" என்றார்.

"அப்ப நீ வராம தப்பிக்க முடியாது. கோர்விக்வா" என்றார் தறியிலிருந்தவர்.

கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு மனைவி தறியின் வலது ஓரத்துக்குப் போனார்.