கழற்றுவதற்கா, கழற்றாததற்கா?

நேற்று எங்கள் மதுரை விடுதி அறையின் ஜன்னலுக்கு இரும்பு வலைச் சட்டம் பொருத்த ஒருவர் வந்திருந்தார். குரங்குத் தொல்லையாம். அவர் கையிலிருந்து நழுவிய போல்ட் ஒன்று என் மேசைக்கடியில் உருண்டு வந்தது. எடுத்தேன். விரல் என்னைக் கேட்காமலே அதன் தலைக்குக் கீழே தடவிப் பார்த்தது. பல் இருந்தது.

“அண்ணே, இதைத் திரும்பக் கழட்டணுமா?”

வகுப்பில் வாய் திறவாதவள் கேட்ட கேள்வி. அறைத்தோழி நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்தார். “எதுக்கும்மா கழட்டணும்? மாட்டுனா மாட்டுனதுதான்.”

விரலில் எண்ணெய் மணம் ஒட்டிக்கொண்டது. அந்த மணத்துக்குள் நான் முழுதாக ஓராண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்டியில் அய்யாவுக்குப் போல்ட் கடை. நான் இளங்கலை முடித்த வாரம் அண்ணன் துபாய்க்குப் போய்விட, “ஒரு மாசம் கடையப் பாரு” என்றார் அய்யா. அந்த மாதம் முடியவேயில்லை. இரு கைகளையும் விரித்தால் இரண்டு பக்க அலமாரிகளும் விரல்நுனியில் படும். அளந்து பார்த்திருக்கிறேன், வேறு வேலை இல்லாத ஒரு மதியத்தில். கடைவாசலுக்கு நேரெதிரே பேருந்து நிறுத்தம். மதுரை வண்டிகளின் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றில்கூட ஏறியதில்லை.

படகுக்காரர்கள் அதிகம் கேட்பது காலர் போல்ட். அறுகோணத் தலையின் அடியில், தலையோடு சேர்ந்தே வார்த்தாற்போல ஒரு வட்டத் தட்டு விரிந்திருக்கும். தனியாக வாஷர் வேண்டாம். ஆடும் படகில் வாஷர் கைதவறினால் கடலுக்குத்தான். இறுக்கத்தை அந்தத் தட்டு பரப்பி வாங்கிக்கொள்வதால் மெல்லிய தகடும் நசுங்காது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் அடிப்பக்கம் வழவழப்பு. மற்றதில் பொடிப் பற்கள். எஞ்சின் எவ்வளவு அதிர்ந்தாலும் அது இளகாது, ஆனால் கழற்றும்போது கடித்த இடத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

இதை நான் அறிந்த விதம் பெருமைக்குரியதல்ல. படகு ஓட்டும் காஜா பாய் காலர் போல்ட் கேட்டபோது, உறுதியானதுதானே நல்லது என்று பல் வைத்ததைக் கட்டிக் கொடுத்தேன். நான்கே நாளில் எஞ்சின் பெட்டியின் அலுமினிய மூடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“இங்கன பாரு தாயி. தெனம் தொறக்குற மூடி. ஒம் போல்ட்டு கடிச்சுத் தின்னுருச்சு. இலக்கியம் படிச்ச புள்ளைன்னு நம்புனேன்ல, ஏந் தப்பு!”

அய்யா அலமாரிக்குப் பின்னாலிருந்து, “திரும்பக் கழட்டணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக் குடுக்க வேணாமா?” என்றார்.

அன்றிலிருந்து வந்தவர் அனைவரிடமும் கேட்டேன். நாள் முழுதும் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். காஜா பாய் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்: “எங்க, நம்ம ‘கழட்டணுமா’வக் காணோம்?”

இப்படியிருக்க, மதுரைக் கல்லூரியிலிருந்து முதுகலைக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அதே வாரம் உச்சிப்புளியிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளைக்கு மோட்டார் கடை. போல்ட் தெரிந்த பெண் என்பதில் அவர்களுக்கு அப்படியொரு திருப்தி. வியாழனன்று மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் கடைக்கே வந்தார்.

“நாளைக்கே தட்ட மாத்திக்கிருவோம். புள்ளைக்குச் சம்மதந்தான?”

அய்யா என்னைப் பார்த்தார். சாமான் வாங்க வந்து நின்ற காஜா பாயும் பார்த்தார். எழுவாயும் பயனிலையும் பிசகாமல் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

“அய்யா, இது திரும்பக் கழட்டுறதுக்கா, கழட்டாததுக்கா?”

சித்தப்பா, யாரோ போல்ட் கேட்டு வந்திருப்பதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். எதற்கும் சிரிக்கிற காஜா பாய் சிரிக்கவில்லை. அய்யா கையிலிருந்த போல்ட்டின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருசம் படிச்சுட்டு வரட்டும். பெறகு பேசுவோம்.”

அந்த இரண்டு வருடம் அடுத்த மாதம் முடிகிறது. உச்சிப்புளிக்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். “அவுக கேட்டுக்கிட்டே இருக்காக. இந்தத் தடவ வந்தா இருந்துரு” என்று போன வாரம் அய்யா தொலைபேசியில் சொன்னார். தனியாளாகச் சமாளிக்க முடியாமல் சென்ற ஆண்டே கடையை விட்டுவிட்டார். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். காஜா பாய் வந்து நிற்க ஓர் இடமில்லை. இனிப் பேச்செல்லாம் வீட்டுக் கூடத்தில்தான். கடைமேசைக்குப் பின்னால் நின்று கேட்டபோது அது தொழிலில் கேட்டாக வேண்டிய கேள்வி. கூடத்தில் நின்று கேட்டால் வெறும் வாய்த்துடுக்கு.

விடுதி ஜன்னல் சட்டத்தின் நான்கு மூலையிலும் நான்கு போல்ட்டுகள். நான் எடுத்துக் கொடுத்த, பல் வைத்த போல்ட்டும் அவற்றில் ஒன்று.