கொழும்புக்கே வாங்கோ, அண்ணா

ஐயாவின் கடைசி மூச்சுக்கு என் அண்ணன் வந்து சேராமல் செய்தவள் நான்தான். அறியாமல் அல்ல... அறிந்தே, தூரத்தைக் கணக்குப் பார்த்தே செய்தேன்.

கல்நெஞ்சக்காரி என்கிறீர்களா? அம்மாவின் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கண் ஒப்பரேசனுக்காகச் சென்னைக்குப் போன அம்மா, அண்ணன் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். எனக்குச் செய்தி வந்தபோது அவரை எரித்து முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். விசா குத்திய பாஸ்போட் என் அலுமாரியில் கிடந்தது. எனக்காக ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டேன்.

“பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லைத்தானே தங்கச்சி. வந்து என்ன செய்யப்போறாய்?” என்றான்.

அந்தச் சொல்லை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. காலம் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

வந்தது. ஐயா படுக்கையில் விழுந்தார். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வட்டக்கச்சி வீட்டில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துக் கஞ்சி பருக்கியவள் நான். அவர் கேட்டதோ ஒன்றே ஒன்று: “பெரியவன் எப்ப வாறான்?”

அண்ணன் போன் எடுத்தான். சண்டைக்காலத்தில் படகேறிப் போனபிறகு இந்தப் பக்கமே வராதவன். பலாலியில் இறங்குவதா, கொழும்பில் இறங்குவதா என்று என்னிடம் கேட்டான். என்னிடம்!

“ரெண்டும் பிளேனிலை ஏறக்குறைய ஒரே நேரம்தான் அண்ணா. பலாலிக்குச் சின்னப் பிளேன், மழையெண்டால் திருப்பிப்போடுவினம். கொழும்புக்கே வாங்கோ. ரோட்டெல்லாம் இப்ப காபெற் போட்டு வழுவழுப்பாக் கிடக்கு.”

இதில் எது பொய்? ஆகாயத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் தரையில் கிடக்கிறது. பலாலியில் இறங்கியிருந்தால் பொழுதுபட முன்னர் எங்கள் படலையைத் திறந்திருப்பான். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கியவனுக்கு அரைவாசி நாடு மிச்சம் இருந்தது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

அவன் புறப்பட்ட அன்று விளக்கு வைக்கிற நேரம் ஐயாவுக்கு மூச்சு இழுத்தது. அண்ணன் இறங்கிவிட்டான் என்று காதுக்குள் சொன்னேன்.

“எங்கை இறங்கினவன்?”

“கொழும்பிலை ஐயா.”

அந்த வீதியின் நீளம் ஐயாவுக்குத் தெரியும்.

“அவனை ஏசாதை பிள்ளை. தூரமெல்லே... அவன் என்ன செய்வான்.”

அதன்பிறகு அவர் பேசவில்லை. நான் பால் பருக்கினேன். கடைவாயால் வழிந்தது.

கோழி கூவும் நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தான். ஐயாவின் காலடியில் விழுந்து கதறினான். எனக்கு இனித்தது... உங்களிடம் மறைப்பானேன், நன்றாகவே இனித்தது. அவனுக்காக இன்றுவரை ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. ஆனால் நான் அடித்த அடி முதலில் விழுந்தது ஐயாவின் மேல் அல்லவா? மகன் முகத்தைத் தேடிக்கொண்டே போன அந்தக் கண்களை நான்தான் மூடினேன். அவர் எனக்கு என்ன குற்றம் செய்தார்?

மகனுக்கென்று ஐயா விட்டுப்போன மன்னிப்பு என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுக்கவும் மனமில்லை. வைத்திருக்கவும் முடியவில்லை.

நேற்றும் சென்னையிலிருந்து போன் எடுத்தான். குரல் உடைந்திருந்தது.

“ஐயா கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ தங்கச்சி?”

“ஒண்டும் சொல்லேல்லை அண்ணா” என்றேன்.