மூன்றாம் கேமரா பிந்திய நாள்

எந்த நிகழ்ச்சியானாலும் அரங்கத்தில் முதலில் கேட்பது அவளுடைய கைத்தட்டல்தான். நாற்காலிகள் காலியாக இருக்கும்போதே ஒவ்வொரு கேமராவுக்கு முன்னாலும் போய் நின்று ஒரு தட்டு. கை சேர்வதும் சத்தமும் திரையில் ஒன்றாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்கு. 'கைத்தட்டி அக்கா' என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டில் அவளோடு உட்கார்ந்து டிவி பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. "பாருங்க, உதடு முந்துது" என்று போகிறபோக்கில் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு யாருக்குக் கதை புரியும்?

அவள் வாழ்க்கைப்பட்டது போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பத்தில். நேரலை வேலைக்கு இறங்கிய பிறகு, புருஷன் முதல் கேமராவில் நிற்பார். அரங்கின் பின்னால் இரண்டாவது கேமரா தன்பாட்டுக்கு நிற்கும். மூன்றாவதைக் கொழுந்தன் கையில் பிடித்துக்கொண்டு அலைவான். எப்போது எந்தப் படம் போக வேண்டும் என்று பட்டனைத் தட்டுவது அவள்.

அன்று டிரம்ஸ் போட்டி. நடுவர் வேறு ஊரில் உட்கார்ந்து நேரலையைப் பார்த்து மதிப்பெண் போட்டார். முதல் சுற்று முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"கடைசியா வாசிச்ச பொண்ணு... சத்தம் வந்த பிறகுதான் குச்சி இறங்குது. பதிவு பண்ணினதுக்குக் கை ஆட்டுற மாதிரி இருக்கு. அடுத்த சுற்றுலயும் இப்படின்னா என்னால மார்க் போட முடியாது."

அந்தப் பெண்ணின் அம்மா நேராக அக்காவின் மேசைக்கு வந்துவிட்டாள். "ரெண்டு வருஷமா தெருவே திட்டத் திட்ட வாசிச்ச பொண்ணும்மா! அதைப் போய் டூப்புன்னு ஆக்கிட்டீங்களே!"

"கொஞ்சம் பொறுங்கம்மா. இடைவேளைக்குள்ள சரி பண்ணிடறேன்," என்றாள் அக்கா. பெண்ணிடம் டிரம்ஸை விட்டு எழுந்திருக்காமல் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாள். மூன்றாம் கேமராவில்தான் கோளாறு. மைக்கிலிருந்து வரும் சத்தத்தைச் சற்றுப் பிடித்து நிறுத்தியதும் குச்சியும் சத்தமும் ஒட்டிக்கொண்டன. அப்பாடா என்று முதல் கேமராவுக்குப் பட்டனைத் தட்டினால், அங்கே இப்போது குச்சி முன்னால், சத்தம் பின்னால். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கோணிக்கொண்டது.

"காலையில மூணும் ஒத்துப்போச்சே. தம்பி, கேமராவில எதையாவது தொட்டியா?"

"அண்ணி, என்னைப் பார்த்தா தொடுற ஆள் மாதிரியா தெரியுது?"

"தெரியுது," என்றார் புருஷன்.

அவள் போய்க் கேமராவை வாங்கிப் பார்த்தாள். கை ஆடினாலும் படம் ஆடாமல் காட்டும் வசதி போடப்பட்டிருந்தது. ஆட்டத்தைச் சமன்செய்து அனுப்பக் கேமராவுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் படம் பிந்திவிடும்.

"கடைசிப் பொண்ணு வரும்போது கை ஓய்ஞ்சு போச்சு அண்ணி, அதான்..."

"கையில என்னடா கேடு?" என்றார் அண்ணன்.

"ஜிம்ல சேர்ந்திருக்கேன்."

"எப்போ?"

"நேத்து."

டிரம்ஸ் தட்டிக்கொண்டிருந்த பெண்ணே சிரித்துவிட்டாள்.

வசதியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மேடுபள்ளத்தில் ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்ததுபோல் படம் குலுங்கியது. டிரம்ஸுக்கு அருகில் ஸ்டாண்ட் வைக்க இடமில்லை. ஆளை மாற்றலாமென்றால், புருஷனுக்கு முழங்கால் வலி; குந்தி உட்கார்ந்தால் எழுப்ப இன்னொரு ஆள் வேண்டும். வேறு வழியில்லை, நடுங்குகிற கைதான். வசதியைத் திரும்பப் போட்டாள். பிந்துகிறவனை முடுக்க முடியாது. ஆனால் முந்துகிறவர்களைப் பிடித்துவைக்கலாம். முதல் கேமரா, இரண்டாம் கேமரா, சத்தம் மூன்றையும் கொழுந்தனின் கேமரா பிந்துகிற அளவுக்கே பிந்தவைத்தாள். மறுபடி மூன்று கேமரா முன்னாலும் ஓடி ஓடித் தட்டினாள்.

"இனிமே நீ எதைத் தொட்டாலும் கையை உடைப்பேன்."

"ஏற்கெனவே உடைஞ்ச மாதிரிதான் இருக்கு அண்ணி."

இரண்டாம் சுற்று. அந்தப் பெண் வாசிக்க வாசிக்க அக்கா வேண்டுமென்றே அடிக்கடி கேமரா மாற்றினாள். தூரத்தில் முழு மேடை, அருகில் முகம், இன்னும் அருகில் குச்சி. எங்கே தாவினாலும் குச்சியும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன.

"இப்போ சந்தேகமே இல்லை," என்றார் நடுவர். "அவங்களேதான் வாசிக்கிறாங்க. ஆனா நடுவுல வேகம் எகிறிப்போச்சு. அதனால ரெண்டாம் இடம்."

அம்மா விருட்டென்று அக்காவின் மேசைப் பக்கம் திரும்பினாள். "என்னம்மா இது, மறுபடியுமா?"

"அவங்களை விடும்மா," என்று மேடையிலிருந்தே கத்தினாள் பெண். "எகிறினது நான்தான்!"