அம்மாவுக்குக் கிடைத்த ஆப்பிரிக்கா

முகத்தில் பூசிய கறுப்பு மை தேங்காயெண்ணெயில் கரையும்போது ஒரு வாசம் வரும். பாதி கொப்பரையும் பாதி கருகிய ரப்பருமான அந்த வாசம், நான் ஆறாவதும் ஏழாவதும் படித்த நாட்களில், தினமும் சாயங்காலம் எங்கள் குளியலறையிலிருந்து கிளம்பிச் சமையலறை வரைக்கும் வந்து நிற்கும். உள்ளே அம்மா பழைய பனியன் துணியால் கழுத்தையும் காதுமடலையும் தேய்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுப்பாள்.

கோயமுத்தூரிலிருந்து பெருந்துறைக்குப் போகும் சாலையில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்போது ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் எல்லா ஊரிலும் இருப்பதுதான்; இங்கே கூடுதலாக "உலக வீதி" என்று ஒன்று உண்டு. சிமெண்டும் தகரமும் ஆங்கிள் கம்பியும் வைத்துக் கட்டிய ஏழெட்டு நாடுகளை அரைமணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். இதைக் கட்டியவர்கள் எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள், ஒருவரும் கேரளா தாண்டிப் போனதில்லை. ஜப்பான் வாசலில் எழுத வேண்டிய எழுத்துகளைப் பெயிண்டர் ஒரு டேப் ரிக்கார்டர் அட்டைப்பெட்டியிலிருந்து பார்த்து எழுதினார். அது "மழையில் நனைக்காதீர்" என்றுகூட இருந்திருக்கலாம், கேட்பதற்கு யாரும் இல்லை. இத்தாலிக்கு ஒரு சாய்ந்த கோபுரம் வேண்டும் என்று படத்தைக் காட்டியபோது மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாராம். "என்ர கையால கோணச் செவுரு எந்திரிக்காதுங்க. நாளைக்கு வேற ஊட்டு வேலைக்கு எவன் கூப்புடுவானுங்க?" என்று சொல்லி, தூக்குக்குண்டு பிடித்து நேராகக் கட்டிவிட்டார். "உலகப் புகழ் சாய்ந்த கோபுரம்" என்ற பலகையோடு அது கொடிக்கம்பம் மாதிரி விறைப்பாக நின்றது. வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, தங்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் வருகிறது. சிரிக்க முடியாதது ஆட்களைப் பிரித்த விதம். கூட்டிப் பெருக்குகிற வேலைக்கென்று மனுப் போட்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்களை வரிசையில் நிறுத்தி, சூப்பர்வைசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாராம். நல்ல வெளுப்பு என்றால் பாரிஸ், ஜப்பான். மாநிறம் என்றால் எகிப்து. அம்மாவிடம் வந்ததும் யோசிக்கவே இல்லை. விரலை மட்டும் மூங்கில் குடிசைப் பக்கம் நீட்டினார். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் அன்றைக்கு ஒரு காலைப்பொழுதில் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மற்ற இடங்களுக்கெல்லாம் நாட்டின் பெயர் இருந்தது. ஒரு கண்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு குடிசையைக் கட்டி "ஆப்பிரிக்கா நாடு" என்று எழுதி வைத்திருந்தார்கள். பூகோளத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கிய நானும் அதில் ஒரு தப்பையும் காணவில்லை.

அம்மாவின் கறுப்பும் அவர்களுக்குப் போதவில்லை. அதன்மேல் மை பூசி, வெள்ளைப் புள்ளி வைத்து, சணல் கயிற்றில் செய்த சுருட்டை முடியை மாட்டி, கறுப்புச் சட்டைக்கு மேலே வைக்கோல் பாவாடை கட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஈட்டியைக் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் வந்தால் குதிக்க வேண்டும், "ஊகா ஊகா" என்று கத்த வேண்டும், தமிழ் பேசவே கூடாது. அம்மாவால் முடியாதது இந்தக் கடைசி விஷயம்தான். குடிசையை விட்டு இறங்கும் படிகளில் செயற்கை அருவியின் தண்ணீர் தெறித்துப் பாசி பிடித்திருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது கால் வைத்தால் போதும், ஊகாவை நடுவில் விட்டுவிட்டு, "ஏனுங்க, பாத்து எறங்குங்க, வழுக்குமுங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிடும். "ஆப்பிரிக்காக்காரி எங்கயாச்சும் 'ங்க' போடுவாளா?" என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வாராம். இதை அம்மா எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். வந்ததும் "எங்க உங்கம்மா?" என்பார், நான் "ஆப்பிரிக்கா போயிருக்குது" என்பேன்.

வீட்டுக்குள் இருந்தவரை அது விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் நான் அம்மாவை ஜப்பானுக்கு மாற்றிவிட்டேன். அம்மா பட்டு அங்கி உடுத்தி, விசிறி வைத்துக்கொண்டு, குனிந்து வணக்கம் சொல்வாள் என்று நான் அளந்துவிட்டதை என் பக்கத்து இருக்கை சுகன்யா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலா அதே பார்க்குக்கு என்று அறிவித்தார்கள். எனக்கு அந்த நாள் வரவே வேண்டாம் என்று இருந்தது.

அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. "எந்நேரத்துக்குக் கண்ணு எங்க பக்கம் வருவீங்க? உன்ர பிரண்டுகளுக்கெல்லாம் தேங்கா பன்னு வாங்கி வெச்சுப்போடறேன்" என்றாள். "அன்னைக்கு நீ லீவு போட்டுக்கோம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். நான் எதற்குச் சொல்கிறேன் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. "லீவா? நீ வாரப்ப நானு இல்லாமயா?" என்று சிரித்தாள்.

சுற்றுலா நாளில், ஜப்பானில் சுகன்யா ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். "எங்கடி உங்கம்மா?" என்றாள். "சாப்பிடப் போயிருப்பாங்க" என்றேன். அடுத்தது ஆப்பிரிக்கா. ஒலிபெருக்கியில் முரசு அதிர, நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குடிசைக்குள் ஏறினோம். அம்மா குதித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போனவர்கள் அவளைப் போலவே குதித்துக் காட்டினார்கள், யாரோ பாப்கார்னை எடுத்து அவள்மேல் வீசினார்கள், டீச்சரும் சிரித்தார். அப்போது அவள் என்னைப் பார்த்துவிட்டாள். மைக்கு உள்ளே முகம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது. ஈட்டியைத் தட்டியில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்த மஞ்சப்பையை எடுக்கக் குனிந்தாள்.

"ஏய், அது உன்னையே பாக்குதுடி" என்றாள் சுகன்யா.

"எனக்கென்ன தெரியும்? பைத்தியமாட்ட இருக்குது" என்றேன்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்டது. பையைத் தொட்ட அம்மாவின் கை அங்கேயே நின்றது. பிறகு பையை விட்டுவிட்டு ஈட்டியை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் வந்து நின்றாள். நான் தலையைக் குனிந்தபடி படிக்கட்டுக்குப் போனேன். முன்னால் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்ன அதே குரலில், "பாத்து எறங்குங்க, வழுக்குமுங்க" என்றாள் என்னிடம்.

எங்கள் ஊரில் ங்க இல்லாத பேச்சு கிடையாது. தபால்காரருக்கு, பால்காரருக்கு, சண்டை பிடிக்கிற எதிரிக்குக்கூட ங்க உண்டு. எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் கிடையாது. நான் கண்ணு, அம்மணி, கோபம் வந்தால் கழுதை. பிறந்ததிலிருந்து அன்றைக்கு ஒரு தடவைதான் அம்மா எனக்கு மரியாதை கொடுத்தாள். நான் கேட்டதைத்தான் கொடுத்தாள், என்னை யாரோ ஆக்கி அனுப்பினாள். படி வழுக்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் முந்திக்கொண்டேன். "எனக்குத் தலைவலிம்மா. பஸ்லயே உக்காந்துட்டேன். உங்க பக்கமே வரல." அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "அதான பாத்தேன், எங்கடா புள்ளையக் காணமேன்னு" என்று சொல்லிவிட்டு, மஞ்சப்பையிலிருந்து பன்களை எடுத்துத் தட்டில் வைத்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன். இன்றுவரை என்னால் தாங்க முடியாதது, அவை நன்றாக இருந்தன என்பதுதான்.

பார்க்கை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. ஜப்பானையும் எகிப்தையும் ஜேசிபி ஒரே வாரத்தில் தரைமட்டமாக்கிவிட்டது. இப்போது அந்த இடத்தில் மனை போட்டு, "ஐரோப்பிய பாணி வில்லா" என்று வெள்ளைத் தூண் வைத்த வீடுகளைக் கட்டி விற்கிறார்கள். அப்பா போய்விட்டார். அம்மா சரவணம்பட்டியில் என்னோடு இருக்கிறாள்.

எங்கள் குடியிருப்பில் மேல் வீட்டுக்குத் தான்சானியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், பெயர் கிரேஸ், இங்கே ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய அப்பா பேங்கில் கிளார்க். பார்க்கிறவர்கள் எல்லாம் சிங்கத்தைப் பற்றியே கேட்கிறார்கள், தான் சிங்கத்தை முதல் தடவை பார்த்ததே மைசூர் மிருகக்காட்சி சாலையில்தான் என்று சொல்லிச் சிரிப்பாள். பஸ் நிறுத்தத்தில் கேட்காமல் படம் எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள். கிரேஸ் லிஃப்டில் இருந்தால் அம்மா ஏறுவதில்லை. முட்டிவலியோடு மூன்று மாடி நடந்து ஏறுவாள். கிரேஸைக் கண்டு அருவருக்கிறாளோ என்று எனக்குக் கோபம் வந்தது. போன மாதம் கேட்டே விட்டேன்.

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அந்தப் புள்ள மூஞ்சிய எப்பிடிக் கண்ணு பாக்கறது? அவிங்க ஊருப் பேரச் சொல்லித்தான அத்தன வருசமும் குதிச்சேன். அவிங்க ஊரு சனம் அப்பிடித்தானா இருக்கும்? தெரியாம பண்ணிப்போட்டேன்."

பள்ளிக்கூடத்தில் படித்த நானும் பூகோளம் நடத்திய டீச்சரும் வெட்கப்படாத ஒன்றுக்கு, வயிற்றுப் பாட்டுக்காக மை பூசிக்கொண்டவள் இத்தனை நாள் படியேறிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "நானுந்தாம்மா தப்புப் பண்ணுனேன். அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து வந்தப்ப..."

"நீ எங்க கண்ணு வந்தே? உனக்குத்தான் தலவலியாச்சே."

"இல்லம்மா, நான் வந்து..."

"பஸ்சுலயே உக்காந்திருந்தே. எங்க பக்கமே வரல நீயி" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, கொத்தமல்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் குடிசை இல்லை, வழுக்குகிற படி இல்லை, சுகன்யா எங்கே இருக்கிறாளோ தெரியாது. அன்றைக்கு நான் செய்தது என்னைத் தவிர இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் நான் வரவே இல்லை என்கிறாள். நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?