றைற் சொன்னவன்

என் மாமாவின் வேலையைப் பறித்தவன் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பறித்தது தெரிந்தும் ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது தெருவில் பிள்ளைகள் என்னை ஐயா என்று கூப்பிடுகிறார்கள். நரைத்த தலையைப் பார்த்துச் சிலர் தாத்தா என்றே தொடங்கிவிட்டார்கள். இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. முரசுமோட்டையில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து பரந்தனுக்கு ஓடிய ஒரு பழைய பஸ்ஸில் கொண்டக்டர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டீசல் கிடைக்காத காலம் என்பதால் பஸ் மண்ணெண்ணெயில் ஓடியது. எங்கள் வீட்டைக் கடந்து போய் வெகுநேரமான பின்னும் அதன் புகை வயலின் மேல் நிற்கும். மணியடிக்கிற கயிறு எப்போதோ அறுந்துவிட்டது. தகரத்தில் மாமா தட்டினால் பஸ் நிற்கும். 'றைற்' என்றால் எடுக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவரிடம் இருந்தது அந்த ஒரேயொரு இங்கிலிஷ் சொல்தான். அதை வைத்து அவர் பார்த்த வேலைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு. வெட்டிச் சொன்னால், எடு. இழுத்துச் சொன்னால், வயதானவர் ஏறியிருக்கிறார், மெதுவாக எடு. இரண்டு தரம் அடுக்கிச் சொன்னால், குண்டு போடுகிற பொம்மர் இரைகிறது, மரத்துக்குக் கீழே விடு. காசில்லாமல் சேலைத் தலைப்பைத் தடவுகிற பெண்ணிடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் 'றைற், றைற்' என்பார். பிறகு தரலாம் என்று அதற்குப் பொருள். அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால் சோற்றைப் பிசைந்தபடி அதையே சொல்வார், அது மறுப்பு. செத்தவீட்டில் மகனின் தோளில் கையை வைத்தும் அதையே சொல்வார். அங்கே அதற்கு என்ன பொருளென்று எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் அந்த மகன் தலையாட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் நான் பரந்தனுக்கு இங்கிலிஷ் வகுப்புக்குப் போனேன். அந்தச் சொல்லுக்குச் சரி, வலப்பக்கம், உரிமை என்று மூன்று பொருள் இருப்பதாக மாஸ்டர் சொன்ன அன்று, ஓடிவந்து மாமாவிடம் ஒப்பித்தேன்.

"உரிமையோ?" என்றார். "இது தெரியாமல் இவ்வளவு நாளும் கத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். பொம்மருக்கும் அதிலை இடமிருக்கோ எண்டு உன்ர மாஸ்டரைக் கேள், மருமோன்."

எனக்கு மாஸ்டரின் இங்கிலிஷை விட மாமாவின் இங்கிலிஷே பிடித்திருந்தது. வயல் வரம்பில் தனியாக நின்று அவர் குரலைப் பழகினேன். வெட்டு, இழுப்பு, அடுக்கு எல்லாம் வந்தது. அம்மாவே ஒருநாள் ஏமாந்து, தம்பி வந்துவிட்டான் என்று சோறு போட்டுவிட்டா.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸின் கடைசிச் சீற்றில் வகுப்புத் தோழர்கள் இருவரோடு இருந்தேன்.

"நீ சொன்னால் எடுக்குமோடா?" என்றான் ஒருவன்.

"எடுக்கும்."

"புளுகாதை."

பரந்தனுக்கு முந்திய தரிப்பில் பஸ் நின்றது. கரையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு பெண், கழுத்தில் மாதா படம் தொங்க, பின்வாசலால் இறங்கிக்கொண்டிருந்தா. மாமா கீழே நின்று அவவின் கூடையை வாங்கினார். அவவின் ஒரு கால் படியில் இருந்தது. நான் வெட்டிச் சொன்னேன். பஸ் எடுத்தது.

அவ கையை ஊன்றி விழுந்தா. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. திரளி மீன்கள் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தன. பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு டிரைவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"விசரா, மனிசி இறங்க முதல் என்னெண்டடா றைற் சொன்னனீ?"

மாமா ரோட்டில் குந்தி, அந்தக் கையைத் தன் மடியில் தாங்கியிருந்தார். தலையை நிமிர்த்தி என் யன்னலை ஒருதரம் பார்த்தார்.

"ஓமண்ணை, நான்தான் சொன்னனான். அவசரப்பட்டிட்டன்."

நான் கொப்பியைத் திறந்து படிப்பது போல் இருந்தேன்.

அன்று பின்னேரமே பஸ் முதலாளி அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார். மாமா நெல் மில்லில் மூடை சுமக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கூடை தூக்க முடியாமல் இருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்தார். அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. அம்மா கல்யாணம் பேசினால், "வேண்டாம் அக்கா" என்று தெளிவாகவே சொன்னார். தான்தான் சொன்னதாக மாமா உண்மையிலேயே நம்புகிறார் என்று நான் என்னை நம்பவைத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் அது பெரிய சிரமமில்லை.

பிறகு சண்டையால் இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு கிடுகுக் கொட்டிலில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்தேன். ஒருநாள் அந்தச் சொல் வந்தது. மூன்று பொருளையும் பலகையில் எழுதினேன்.

"சேர், கொண்டக்டர் சொல்லுறது இதிலை எது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

வகுப்பை விட்டுவிட்டு முதலாளியைத் தேடிப் போனேன். அவரும் மல்லாவியில்தான், ஒரு சின்ன வானை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய டிரைவர் அதன் கீழே படுத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் தானெண்டு ஒத்துக்கொண்டவனே," என்றார் முதலாளி.

டிரைவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். "எனக்கு அண்டைக்கே விளங்கினது. அவன் நிலத்திலை நிண்டவன், சத்தம் உள்ளுக்கையிருந்து வந்தது. நானும் கண்ணாடியைப் பாக்காமல் எடுத்திட்டன். அதாலை வாய் துறக்கேல்லை." துணியை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "உன்ர மாமா சொல்ல முதல் படியைப் பாப்பான். கூரைக்கு மேலை ஆளிருக்கோ எண்டு பாப்பான். குனிஞ்சு பஸ் சில்லுக்குக் கீழை பாப்பான். எத்தினை பேரோடை ஓடியிட்டன், அப்பிடி ஒருத்தனைக் காணேல்லை."

அன்று மாலையே முதலாளி எங்கள் கொட்டிலுக்கு வந்து மாமாவை வேலைக்குக் கூப்பிட்டார். இப்போது வானில் கொண்டக்டராக யார் நிற்பது என்று மாமா கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவன், இரண்டு பிள்ளைகள் என்றார் முதலாளி.

"அவனை இறக்கிப்போட்டோ நான் ஏறுறது?" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு நான் மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்க முடிந்தது.

"உன்ர பேரைச் சொன்னால் அவவின்ர கை பொருந்துமோ? போய் அவவைப் பார்," என்றார்.

மூன்று மாதம் சைக்கிளில் அலைந்தேன். கரையோரச் சனம் ஒவ்வொரு பக்கமாகச் சிதறிப்போயிருந்தது. அவவை நான் காணவில்லை. மாமா கடைசிவரை மூடைதான் சுமந்தார்.

அவர் குரலை அச்சாகப் பிடித்துவிட்டேன் என்று வரம்பில் நின்ற அந்தப் பையன் பெருமைப்பட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தவன்தான். ஆனால் அவர் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். அது திறக்கும் முன் அவர் கண் மூன்று இடம் போய்வருவது அவனுக்குத் தெரியாது.