விரல் நுனிக்குத் தெரியாதது

கீமோ முடிந்த சில வாரங்களில், கே.கே. நகரில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். உள்ளங்காலில் கொப்புளம் கண்டிருந்தது. வீட்டுக்காரர் என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கையும் இப்படித்தான் இருக்கா?" என்று கேட்டார்.

நான் சிறுநீரக அறுவை மருத்துவர். மதுரையில் இருபது வருடமாக அந்தக் கையை வைத்துத்தான் பிழைத்தேன்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து கட்டியைக் கரைத்தது. கூடவே நரம்பு நுனிகளையும் தின்றுவிட்டது. போகப்போகச் சரியாகும் என்றார்கள். காலில் ஓரளவு உணர்ச்சி திரும்பியது. விரல் நுனியில் திரும்பவில்லை. கைப்பைக்குள் கிடக்கும் சாவியை எடுக்கப் பையையே கட்டிலில் கொட்ட வேண்டியிருந்தது. சூடான டம்ளரைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் பதறிப் பிடுங்கி வைப்பார். கையில் வலு இருந்தது, நடுக்கம் இல்லை. எதைத் தொடுகிறோம் என்பது மட்டும் தெரியாது.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் பாதி வேலை கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கும். ரத்தத்துக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் விரலை விட்டு, இது நாளம், இது கட்டி, இது ஒட்டிக்கொண்டிருக்கிறது, இது வந்துவிடும் என்று தடவித்தான் முடிவெடுப்போம். திரும்ப வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே எனக்கு அது இனி இல்லை என்று தெரிந்துவிட்டது. தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். புறநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படி ஒரு வருடம் போனது.

பிறகுதான் எங்கள் மருத்துவமனைக்கு ரோபோ வந்தது. பெயர்தான் ரோபோ, அதுவாக ஒன்றும் செய்யாது. நோயாளியின் வயிற்றில் சின்னத் துளைகள் வழியாக அதன் கைகள் உள்ளே போகும். மருத்துவர் நாலடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, உள்ளே போன கேமரா காட்டும் படத்தைக் கண்ணாடிக்குள் முகம் புதைத்துப் பார்த்தபடி, இரண்டு பிடிகளை விரலால் அசைப்பார். அந்த அசைவு உள்ளே இருக்கும் கருவிக்குப் போகும். உள்ளே கருவி எதை இழுக்கிறது, எம்புட்டு இறுக்குகிறது என்பது மட்டும் திரும்பி வராது. காற்றைப் பிடித்து இழுப்பது போலத்தான் இருக்கும். படத்தில் நூல் விறைப்பதையும் சதை வெளுப்பதையும் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சியில் என் சக மருத்துவர்கள் இழுப்பு தெரியாமல் தையல் நூலை அறுத்துக்கொண்டே இருந்தார்கள். என்னை அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார், மேலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், நல்ல கைக்காரர். அவர் பிடியை விட்டுவிட்டு எழுந்தார்.

"என்னக்கா இது, மரத்துப்போன கையில வேலை பாத்த மாதிரி இருக்கு," என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போனது.

நான் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு நூலும் அறுபடவில்லை. ஒரு வருடமாக நான் சட்டைப் பொத்தானிலிருந்து சாதம் பிசைவது வரை எல்லாவற்றையும் கண்ணால்தான் செய்துகொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

தலைமை மருத்துவர் ஒரு நிபந்தனை வைத்தார். நான் ரோபோவில் செய்யும்போது அந்தத் தம்பி நோயாளியின் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும். வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அவர்தான் திறப்பார். ஒவ்வொரு நோயாளியிடமும் என் விரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்டது. சிலர் வேறு டாக்டர் வேண்டும் என்று போனார்கள். பலர் இருந்தார்கள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த மனைவியும் கூட வந்திருந்தார். இடது சிறுநீரகத்தில் கட்டி. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளக்கூடிய கட்டி. வழக்கம்போல எல்லாம் சொன்னேன்.

"அப்ப நீங்க தொட்டுப் பாக்க மாட்டீங்களா மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இந்த மிஷின்ல யார் பண்ணாலும் தொட முடியாதும்மா. பாத்துத்தான் பண்ணணும்."

வாத்தியார் சிரித்தார். "கண்ணு நல்லாத் தெரியுதுல்ல டாக்டர்? அது போதும். போர்டுல எழுதிப் போடுற கணக்கைத் தொட்டா பாக்குறோம்?"

ஆடி மாதத்தில் அறுவை. ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிறுநீரகத்தை மெல்லத் தூக்கினேன். கட்டி பின்பக்கம் எதிலோ ஒட்டியிருந்தது. படத்தில் அந்த இடம் தெரியவில்லை. தெரிந்த மட்டும் சதை வெளுக்கவில்லை, எதுவும் விறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். பின்னாலிருந்து சிவப்பு ஏறி வந்து படத்தை மூடியது.

கருவியால் பஞ்சை வைத்து அழுத்தினேன். நிற்கவில்லை.

"திறந்துருவோம்க்கா," என்றார் தம்பி. குரலை உயர்த்தவில்லை.

ரோபோவின் கைகளைக் கழற்றி நகர்த்தினார்கள். நான் கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் வயிற்றைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தார். அவர் கண் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் உள்ளே தேடியது. "இந்தா இருக்கு. சிரை கிழிஞ்சிருக்கு," என்றார். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"இங்க அமுக்கிப் பிடிங்கக்கா. பக்கத்துல பெரிய நாளம் துடிக்கும். அது மேல போயிராதீங்க. துடிப்பு தெரியுதா?"

கை முழுக்க ரத்தத்துக்குள் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலப்பா."

அவர் அரை நொடி என்னைப் பார்த்தார். பிறகு எதிரே நின்ற நர்ஸிடம், "சிஸ்டர், நீங்க வாங்க, கையைக் குடுங்க," என்றார். நான் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவர் தைத்து முடிக்கும் வரை சுவரோரம் நின்றேன்.

ரத்தம் நின்றது. ஆனால் போன ரத்தம் அதிகம். ஏற்றிக்கொண்டே இருந்தோம். வாத்தியார் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடித்தார், மற்ற சிறுநீரகமும் வேலையை நிறுத்தியது, பிறகு இதயம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நானே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கையில் ஜெபமாலை இருந்தது. என்னைத் திட்டவில்லை. "கடைசியா எதாச்சும் பேசுனாரா?" என்று மட்டும் கேட்டார். மயக்கம் தெளியவே இல்லை என்றேன்.

மருத்துவமனையில் கூடிப் பேசினார்கள். பதிவான படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். யார் செய்திருந்தாலும் நடந்திருக்கக்கூடியது என்று முடிவானது. வெளியே வரும்போது தம்பியை நிறுத்திக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. நீ கையால பண்ணியிருந்தா இறுக்கம் தெரிஞ்சிருக்குமா?"

"கையாலன்னா தெரிஞ்சிருக்கலாம்க்கா. ரோபோல உட்கார்ந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி உட்கார்ந்தேன். இந்த மேசையில் எல்லோரும் என்னைப் போலத்தான். அந்தச் சமநிலை இருந்ததால்தான் நோயாளியின் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடிந்தது.

தை பிறந்ததும் சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். ரோபோவுக்குப் புதிய மேசையும் கருவிகளும் கொண்டுவந்திருந்தார். கருவியின் முனை எம்புட்டு விசையை வாங்குகிறதோ, அதைப் பிடி நம் விரலுக்குத் திருப்பித் தரும் என்றார். ரப்பரில் செய்த ஒரு மாதிரி உறுப்புக்குள் கெட்டியாக ஒன்றை மறைத்து வைத்திருந்தார்.

தம்பி முதலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் கத்தினார்.

"அக்கா, இழுக்குது! கைக்கு இழுக்குதுக்கா! இந்தா, இது கல்லு மாதிரி இருக்கு, இது பஞ்சு!"

வயதில் மூத்த இன்னொரு மருத்துவர் பிடியை விடவே மறுத்தார். ஒவ்வொருவராக உட்கார்ந்து சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். கடைசியில் நான்.

இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்ஜினியர் விசையை ஏற்றினார். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏதோ தடுத்தது போல இருந்தது. தடிமனான போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ கையைப் பிடித்தது போல. அதற்கு மேல் ஏற்றினால் வேலை செய்யவே முடியாது மேடம் என்றார். திரையை அணைக்கச் சொன்னேன். பாவம், அவருக்கு என் விஷயம் தெரியாது. அணைத்தார். எது கெட்டி, எது மெது என்று சொல்லிக்கொண்டே போனேன். திரையைப் போட்டதும் பார்த்தேன்; கெட்டியான இடத்தை நான் மெது என்று சொல்லி, ரப்பரைக் கிழித்திருந்தேன்.

அன்று சாயங்காலமே தலைமை மருத்துவரிடம் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன்.

"பழைய கருவிகளும் இருக்கு. உங்களுக்கு அதையே வச்சுக்கலாமே," என்றார்.

"இனிமே நோயாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது சார்? மத்தவங்களுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதுன்னா?"

அவர் வற்புறுத்தவில்லை. வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். காளவாசல் சிக்னலில் வண்டி நின்றபோது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். பஸ் ஹாரனில் அவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசியில் ஒரு நாள், புறநோயாளிகள் அறைக்கு வாத்தியாரின் மனைவி வந்தார். அவருக்குச் சிறுநீர்க் குழாயில் கல். இளைத்திருந்தார். ஸ்கேனைப் பார்த்துச் சின்னக் கல்தான், மருந்திலேயே போய்விடும் என்றேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த மிஷின் இன்னும் ஓடுதா மேடம்?"

"ஓடுதும்மா. நான் பண்றதில்ல. இன்னொரு டாக்டர் பண்றாரு."

"இப்பவும் தொட முடியாதுதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இப்ப கைக்குத் தெரியுற மாதிரி புதுசா வந்திருக்கு," என்றேன்.

"எப்ப வந்துச்சு?"

"தை மாசம்."

அவர் உதடு அசைந்தது. ஆடியிலிருந்து தை வரை மாதங்களை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கொஞ்ச நாள் பொறுத்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"கட்டி பொறுத்திருக்காதும்மா," என்றேன். அது உண்மைதான். அவ்வளவு மாதம் விட்டிருந்தால் கட்டி பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம்.

அவர் என் மேசை மேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் மேல் தன் கையை வைத்தார். வைத்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது. அழுத்தினாரா, சும்மா வைத்தாரா, அந்தக் கை சூடாக இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

"வாரேன் மேடம்," என்று சொல்லி, மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வெளியே இன்னும் கூட்டம் இருந்தது. சிஸ்டர் அடுத்தவரை உள்ளே அனுப்பினார்.